நீர்க்குறி: அன்றும் இன்றும்

(தாதர்த் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஆண்டு விழாவில், மகளிர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே காப்பியச் சுவை பேசுவர். கவிதை நயம் பேசுவர். இன்னும் சிறிது நேரத்தில் நம் குழந்தைகளின் நடனமும் நாடகமும் நிகழவிருக்கின்றன. இத்தகைய இனிய மாலையில் சிறுநீரைப் பற்றிப் பேச வந்து நிற்கின்றோம். தலைப்பைக் கேட்டதும் தாய்மார் சிலர் தலைகுனிந்ததைக் கண்டோம்; பின்வரிசை இளைஞர் சிலர் வாயைப் பொத்திக்கொண்டதையும் கண்டோம். அவர்கள்மீது நமக்கு வருத்தமில்லை. அந்த நாணத்தைப் பற்றித்தான் நாம் பேச வந்திருக்கின்றோம். அது எத்துணைத் துன்பத்தைக் கொண்டுவரும் என்பதை நேரில் கண்டவர்கள் நாம்.

நாம் மேடைப் பேச்சாளர் அல்லோம். பல்லாண்டுக்காலம் மருத்துவச் சோதனைச்சாலையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, பிறர் கொண்டுவந்து தரும் சிறு புட்டிகளைச் சோதித்து, முடிவெழுதிக் கொடுத்துப் பிழைத்தவர்கள். ஆதலால் சொல்லலங்காரத்தை எம்மிடம் எதிர்பார்க்க வேண்டா. கண்டதைக் கண்டபடியே சொல்லுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது ஒன்று. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இந்நகருக்கு மருமகளாக வந்த பெண் ஒருத்தி. அவளுடைய இசைவைப் பெற்றே, பெயரை மட்டும் விடுத்து, இதனைச் சொல்லுகின்றோம். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. நீர் பிரியும்போது எரிச்சல். அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு. மாமியாரிடம் சொல்ல நாணம். கணவரிடம் சொல்லத் தயக்கம். தாய் வீடோ ஆயிரம் மைலுக்கு அப்பால். ‘உடம்புச் சூடு’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றாள், மோர் குடித்தாள். எரிச்சல் மிகவே, தெருமுனை மருந்துக்கடையில் நான்கு மாத்திரைகள் வாங்கினாள். இரண்டை விழுங்கியதும் எரிச்சல் தணிந்தது. மற்ற இரண்டையும் மடித்து அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

எட்டாம் நாள் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. விலாவின் பின்புறம் பொறுக்கவொண்ணா வலி. எஞ்சிய இரண்டு மாத்திரைகளையும் விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினாள். அவளுடைய சிறுநீர்ப் புட்டி எம் மேசைக்கு வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் சீழணுக்கள் திரள்திரளாக இருந்தன. ஆனால் வளர்ப்புத் தட்டிலோ ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாம் நாள், ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

அது பொய்யன்று. ஆனால் பயனற்ற மெய். அரைகுறையாக உண்ட மருந்து, சிறுநீரகத்திலிருந்த கிருமியை முற்றும் அழிக்கவில்லை; புட்டிக்குள் வந்த கிருமியை மட்டும் முளைக்க விடாமல் அடக்கிவிட்டது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று மருத்துவர் கேட்டார். சொல்ல எம்மிடம் விடை இல்லை. ஊகத்தால் ஒரு மருந்து கொடுத்தனர், பலிக்கவில்லை. மற்றொன்று கொடுத்தனர். இதற்கிடையே குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்து, மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இருவரும் பிழைத்தனர். ஆயினும் அந்தத் தாளில் நாம் இட்ட கையெழுத்து இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது. அந்த உறுத்தலே நம்மை இம்மேடையில் ஏற்றியது.

அன்பர்களே! சிறுநீரைப் பார்த்து நோயறிவது நமக்குப் புதிதா? அன்று. சித்த மருத்துவர் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என எட்டு வகையால் நோயைத் தேர்ந்தனர். தேரையர் பெயரால் வழங்கும் நூல்களில் நீர்க்குறி, நெய்க்குறி என்னும் இரண்டும் விளக்கப்பட்டுள்ளன. நீரின் நிறம், மணம், நுரை, எடை, அளவு முதலியவற்றை நோக்குவது நீர்க்குறி. காலை நீரில் ஒரு துளி நல்லெண்ணெயை இட்டு அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வாதம். மோதிரம்போல் வளைந்தால் பித்தம். முத்துப்போல் நின்றால் கபம் என்றனர். அம்முறை இன்றைய கிருமியியலுக்கு ஈடாகும் என்று நாம் சொல்ல வரவில்லை. கிருமியைக் காணும் கருவி அன்று இல்லை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. நம் முன்னோர் நீரைச் சோதிக்க நாணினாரல்லர். நாணம் பிற்காலத்து வரவு.

நாம் வாழும் இடத்தின் வரலாறும் நாணத்துக்கு இடம் தரவில்லை. 1896ஆம் ஆண்டில் இந்நகரில் பிளேக் நோய் புகுந்தது. நெருக்கமும் இருளும் நிறைந்த குடியிருப்புகளில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தனர். 1898இல் நகர மேம்பாட்டு அறநிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகளும் அகன்ற சாலைகளும் அமைய வேண்டும் என்று அது வகுத்த திட்டங்களில் ஒன்றே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளை உருவாக்கியது. பிளேக்குக்குத் தடுப்பூசி கண்ட ஹாஃப்கின் பெருமகனார், 1897 ஜனவரியில் அதனைத் தம் உடம்பிலேயே முதலில் ஏற்றிக்கொண்டார். 1899இல் பரேலிலுள்ள பழைய கவர்னர் மாளிகைக்கு அவர்தம் சோதனைச்சாலை குடிபுகுந்தது. 1925 முதல் அவர் பெயரையே அது தாங்கி நிற்கின்றது. தாதரிலிருந்து பரேல் எத்துணைத் தொலைவு? நடந்தே போய்விடலாம். ஆகவே நாம் குடியிருக்கும் தெருக்களே கிருமியை எதிர்த்து மனிதன் எழுப்பிய அரண் எனலாம். அவ்வரணுக்குள் இருந்துகொண்டு, ஒரு சிறு புட்டியைக் கையில் எடுத்துச் செல்ல வெட்கப்படலாமா?

இனி நோயைப் பற்றிச் சிறிது சொல்லுவோம். சிறுநீர்ப் பாதையில் கிருமி ஏறித் தங்குவதால் வரும் நோய் இது. இதனை நீர்க்கடுப்பு என்றும் சூடு என்றும் பொதுவில் சொல்லிவிடுகின்றோம். கிருமிகளுள் தலையாயது ஈ. கோலை. 1885இல் எஷெரிஷ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனை விளக்கினார். நம் குடலில் இது இயல்பாகவே வாழ்வது; அங்கே பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. இடம் மாறிச் சிறுநீர்ப் பாதையில் ஏறினால்தான் தொல்லை. பெண்களுக்குச் சிறுநீர்த் தாரையின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டரே. ஆடவர்க்கோ சுமார் 20 சென்டிமீட்டர். கிருமி கடக்க வேண்டிய வழி பெண்களிடத்தில் அத்துணைக் குறுகியது. பெண்களில் பாதிப்பேர்க்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய் வருகின்றது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. இதில் ஒழுக்கத்துக்கு என்ன வேலை? பழிக்கு என்ன இடம்? உடலமைப்பால் வரும் நோய்க்கு நாணுவது, மழையில் நனைந்ததற்கு நாணுவதைப் போன்றது.

நீங்கள் தரும் புட்டி சோதனைச்சாலையில் என்ன ஆகின்றது என்று பலர் அறியார். முதலில் நடப்பது சல்லடைச் சோதனை. மாவைச் சலித்து நொய்யைப் பிரிப்பதுபோல, ஐயத்துக்குரிய மாதிரிகளைப் பிரித்தெடுப்பது இது. வேதிப்பொருள் தோய்ந்த பட்டை ஒன்றை நீரில் நனைத்தெடுப்போம். சீழணு இருந்தால் ஒரு கட்டம் நிறம் மாறும். பல கிருமிகள் சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவன. அவை இருந்தால் மற்றொரு கட்டம் இளஞ்சிவப்பாகும். அம்மாற்றத்துக்கு நீர் சில மணி நேரம் பையில் தங்கியிருக்க வேண்டும். விடியற்கால நீரைக் கேட்பதன் காரணம் இதுவே. பின்னர் நுண்ணோக்கியில் சீழணுக்களை எண்ணுவோம்.

பட்டை நிறம் மாறாவிடில் நோயில்லை என்று துணிந்துவிடலாமா? எல்லார்க்கும் துணிய முடியாது. நைட்ரைட்டை உண்டாக்காத கிருமிகளும் உள. ஆகவே கர்ப்பிணிகள், காய்ச்சல் கண்ட கைக்குழந்தைகள், மீண்டும் மீண்டும் நோய்ப்படுவோர் ஆகியோருடைய நீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு விடுக்க வேண்டும்.

வளர்ப்புச் சோதனைக்கு வேண்டுவது ஒரு தட்டும் அதில் உறைந்த கூழும். அக்கூழ் வந்த கதை அடுக்களைக் கதையாகும். ராபர்ட் காக் என்னும் பேரறிஞரின் சோதனைச்சாலையில், கிருமி வளர்க்கும் ஜெலட்டின் வெப்பத்தில் உருகிப்போய்த் தொல்லை தந்தது. அங்குப் பணிசெய்தவரின் மனைவியார் ஃபானி ஹெஸ்ஸே, தாம் பலகாரம் உறையவைக்கப் பயன்படுத்திய அகார் அகாரை 1881இல் எடுத்துக் கொடுத்தார். ரம்ஜான் நோன்பின்போது நம் இஸ்லாமியச் சகோதரிகள் வீட்டில் செய்யும் கடற்பாசி இனிப்பு இருக்கின்றதே, அப்பொருள்தான் அது! இராமநாதபுரக் கடலில் மூழ்கி நம் தமிழ்ப் பெண்கள் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகார் தரும் பாசிகளே. பெண்டிர் அறிவும் பெண்டிர் உழைப்பும் கலந்த இச்சோதனையைப் பெண்டிரே நாணித் தவிர்ப்பது விந்தையன்றோ?

அளவான சிறு கம்பி வளையத்தால் நீரில் ஒரு மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை எடுத்துத் தட்டில் இழுத்து, 37 பாகை வெப்பமுள்ள பெட்டியில் ஓரிரவு வைப்போம். உயிருள்ள ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாகத் தோன்றும். மறுநாள் நூறு புள்ளிகள் கண்டால், ஒரு மில்லிலிட்டரில் ஒரு நூறாயிரம் கிருமிகள் என்று பொருள். அவ்வெண்ணை நோயின் எல்லைக்கல்லாக 1956இல் நாட்டியவர் பாஸ்டன் நகரத்து எட்வர்ட் காஸ். நம் நாட்டில் மொழிவழி மாநிலங்கள் எல்லை வகுக்கப்பெற்ற அதே ஆண்டு! வெளியிலிருந்து கலந்த கிருமி எது, பையில் உண்மையாகவே பெருகிய கிருமி எது என்று பிரித்தறிய அவ்வெல்லை உதவியது. இக்காலத்தில், எரிச்சல் முதலிய குறிகள் உள்ளவர்க்கு அதனினும் குறைந்த எண்ணையும் மருத்துவர் பொருட்படுத்துவர்.

பின்னர் மருந்து தோய்ந்த சிறு வட்டத் தாள்களைக் கிருமி பூசிய தட்டில் வைப்போம். எந்தத் தாளைச் சுற்றிக் கிருமி முளையாமல் தெளிந்த வளையம் அகலமாக விழுகின்றதோ, அம்மருந்துக்குக் கிருமி அடங்கும். இவையெல்லாம் முடிய ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ‘இன்றே முடிவு வேண்டும்’ என்று நம்மை விரட்டுவோர் பலர். கிருமி முளைக்க வேண்டுமே ஐயா! நெல்லை விதைத்த அன்றே அறுக்க முடியுமா?

கர்ப்பிணிகள் செய்தியைத் தனியே சொல்ல வேண்டும். எரிச்சலோ காய்ச்சலோ சிறிதும் இல்லாமலே கிருமி தங்கியிருப்பதுண்டு. நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் பத்துப் பேர்வரை இந்நிலையில் இருப்பர். கண்டறியாமல் விட்டால் அவர்களுள் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பேர்க்குக் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறக்கூடும். குறைமாதப் பேற்றுக்கும் அது வழி வகுக்கும். நாம் சொன்ன பெண்ணுக்குக் கருவுற்ற தொடக்கத்திலேயே இச்சோதனை நடந்திருந்தால்? நடக்கவில்லை. சர்க்கரையும் இரத்தமும் பார்த்தனர். இதனைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஆகவே மருமகள் கருவுற்றாள் என்று கேட்டதும் மாங்காய் வாங்க ஓடும் மாமிமாரே! ஒரு புட்டியையும் வாங்கி வாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குறி ஏதுமில்லாத முதியோர் நீரில் கிருமி காணப்படுவது சாதாரணம். பெரும்பாலோர்க்கு அதற்காக மருந்து வேண்டுவதில்லை. தாளில் கிருமியின் பெயரைக் கண்டவுடன் தாத்தாவுக்கு மாத்திரை வாங்க ஓடுவதும் பிழையே. சோதனை மருத்துவர்க்குக் கண். மருத்துவர்க்கு மாற்று அன்று.

மாத்திரையை ஏன் இத்துணை அஞ்சுகின்றோம்? அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும். 2008இல், இந்தியாவில் மருத்துவம் பெற்றுச் ஸ்வீடன் திரும்பிய ஒருவருடைய சிறுநீரில், கடைநிலைக் காவலாக நாம் வைத்திருந்த மருந்துகளையும் சிதைக்கும் கிருமி காணப்பட்டது. உலகை உலுக்கிய அச்செய்தி ஒரு சிறுநீர்ப் புட்டியிலிருந்தே வெளிப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலியோர் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் மட்டும் இவ்வகைக் கிருமிகள் 44 காட்டப்பட்டன. அதே ஆண்டில் நமக்கு அண்டையிலுள்ள மாஹிம் இந்துஜா மருத்துவமனை ஆய்வாளரும், கடைநிலை மருந்துக்கு அடங்காத 24 கிருமிகளைச் சோதித்து, 22இல் இதனைக் கண்டதாக எழுதினர். அரசாங்கமும் பல கிருமிக்கொல்லி மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்பனையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதியை 2014 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. விதி கடைக்காரர்க்கு, மதி நமக்கன்றோ?

இனி, நீரைக் கொடுக்கும் முறை. சோதனைச்சாலை தரும் தூய புட்டியையே கொள்க. கழுவிய ஊறுகாய்ப் புட்டியும் டானிக் புட்டியும் உதவா. அவற்றில் வந்தவற்றை நாம் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கின்றோம். கையைச் சோப்பிட்டுக் கழுவி, உறுப்பை நீரால் தூய்மை செய்து, முதலில் வரும் நீரை விடுத்து, இடையில் வருவதைப் புட்டியில் ஏற்க வேண்டும். புட்டியின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் தொடலாகாது. இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும். இயலாவிடில் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து கொடுக்கலாம். வாய்ப்பான வெப்பத்தில் ஈ. கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும்! செம்பூரிலிருந்து வெயிலில் பையில் சுமந்து, வழியில் காய்கறியும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தால், நாம் எண்ணுவது நோயை அன்று, பயணத்தை. எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவர் தரும் கிருமிக்கொல்லியின் முதல் மாத்திரைக்கு முன்னே நீரைக் கொடுங்கள். கொடுத்தபின் முடிவு வரும்வரை காத்திருப்பதா, மருந்தை உடனே தொடங்குவதா என்பதை மருத்துவர் சொல்வார்.

இறுதியாக ஒன்று. நோயைக் கண்டறிதல் பாதி. வாராமற் காத்தல் மறுபாதி. நம் பெண்கள் ஏன் நீர் குடிப்பதில்லை? குடித்தால் போக வேண்டுமே என்ற அச்சம். அதிகாலையில் டிபன் டப்பாவுடன் தாதரில் ரயிலேறும் பெண்ணுக்குப் புறநகர் ரயிலில் கழிப்பிடம் இல்லை. விடியுமுன் இட்டலி அவித்து நகரெங்கும் அனுப்பும் தாராவித் தமிழ்க் குடும்பத்துப் பெண், பொதுக் கழிப்பிட வரிசையில் நிற்க வேண்டியிருக்கின்றது. இரவில் தனியே போக அஞ்சி அடக்கிக்கொள்கின்றாள். காலனியில் நமக்குக் கதவடைத்த கழிப்பறை உண்டு, அவளுக்கு இல்லை. ஆடவர்க்கு இலவசமும் பெண்டிர்க்குக் கட்டணமுமாக இருந்த பொதுக் கழிப்பிட அநீதியை எதிர்த்து, 2011இல் இந்நகரின் மகளிர் அமைப்புகள் பல சேர்ந்து சிறுநீர் கழிக்கும் உரிமை கேட்டு இயக்கம் தொடங்கின. பெயரைக் கேட்டு நகைத்தவர் உண்டு. நாம் நகைக்கவில்லை. அவ்வுரிமை மறுக்கப்பட்டதன் விளைவு எத்தனையோ காலையில் எம் மேசைமேல் வரிசையாக நின்றது.

நீர் குடிப்பதன் பயனுக்குச் சான்றும் உண்டு. 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், குறைவாக நீர் குடித்து அடிக்கடி இந்நோய்க்கு ஆளான 140 பெண்களை ஓராண்டு கவனித்தனர். நாள்தோறும் ஒன்றரை லிட்டர் நீரை மிகுதியாகக் குடித்தவர்க்குச் சராசரி 1.7 முறையும், மற்றவர்க்கு 3.2 முறையும் நோய் வந்தது. தண்ணீரைவிட மலிவான மருந்து யாது?

ஆகவே இவ்வவையின்முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். மகளோ மருமகளோ எரிச்சல் என்று சொன்னால், ‘சூடு’ என்று தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சீட்டின்றி மாத்திரை வாங்குவதில்லை என்று ஒவ்வோர் இல்லமும் உறுதி கொள்ளட்டும். பள்ளியிலும் பணியிடத்திலும் சங்க விழாக்களிலும் பெண்களுக்குத் தூய கழிப்பிடம் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு மேடை அலங்காரத்தைக் கவனிப்போம். இன்றைய விழாக் கூடத்திலேயே அதனைப் பார்த்தபின்தான் நாம் மேடை ஏறினோம்!

நோயின் காரணத்தை நாடுக என்றார் வள்ளுவப் பெருந்தகை. காரணம் ஒரு சிறு புட்டிக்குள் இருக்கின்றது. அதனை உரிய நேரத்தில் எம் கையில் கொடுங்கள். பயனற்ற மெய்யை எழுதிக் கையெழுத்திடும் துயரம் எந்தச் சோதனைச்சாலையிலும் இனி எவர்க்கும் வேண்டா.